வலது பின் சக்கரம்

கேரி தீவு எஸ்டேட் மேனேஜர் ஒருவரிடமிருந்து அப்பா ஒரு பழைய ஜப்பான் காரை வாங்கினார். நாலு சக்கரமும் இழுக்கிற கார். செம்மண் சேற்றில்கூடச் சிக்காதாம். பிரிக்பீல்ட்ஸில் சேறு எங்கே இருக்கிறது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. கேட்டால் அப்பா வீரசிங்கம் அவர்கள் அரை நாள் விளக்கம் சொல்வார். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் விளக்கம் சொல்ல ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த மனிதர்.

அந்தக் கார் ஒரு நாள் ஊளையிட ஆரம்பித்தது. வேகம் கூடக் கூடப் பின்னாலிருந்து 'ஊ...' என்று சத்தம். பின் சக்கரத்து பேரிங் ஒன்று தேய்ந்துவிட்டது என்று தெரிந்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. போர்ட் கிள்ளானில் கிரேன்களைப் பழுது பார்க்கிற அடைக்கப்பனை வீட்டுக்குள் கொண்டுவர எனக்கு வேறு என்ன சாக்கு இருந்தது?

அவன் செட்டியார் வீட்டுப் பிள்ளை, நாங்கள் யாழ்ப்பாணத்தார். நாங்கள் காதலிப்பது அப்பாவுக்குத் தெரியும், பிடிக்காது. அவன் வீட்டிலோ, தைப்பூசத்துக்குள் பெண் வீட்டுச் சம்மதம் வராவிட்டால் காரைக்குடியில் பார்த்து வைத்த பெண்தான் என்று சொல்லிவிட்டார்கள். தைப்பூசம் நெருங்கிவிட்டது.

"பெடியன் வரட்டும். ஆனா காரைப் பற்றி மட்டும் கதைப்பம்," என்றார் அப்பா.

புது பேரிங்கை முதல் நாளே என்னிடம் கொடுத்து ஐஸ் பெட்டியில் வைக்கச் சொன்னான் அடைக்கப்பன். குளிர்ந்தால் இரும்பு கொஞ்சம் சுருங்கும், இடத்தில் சுலபமாக இறங்கும் என்றான். இறால் பொட்டலத்துக்கும் ஐஸ் கட்டிக்கும் நடுவே அது படுத்திருந்தது. நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் போய்ப் போய்த் திறந்து பார்த்துச் சிரித்தேன். பைத்தியம் முற்றிவிட்டது என்று எனக்கே தெரிந்தது.

ஞாயிறு காலை அவன் காரைத் தூக்குகிற ஜேக்கோடு வந்து நின்றதுமே சண்டை தொடங்கியது.

"இடப்பக்கம்தான். நான் என்ர காதால கேட்டனான்," என்றார் அப்பா.

"நல்ல காரியத்தை இடப்பக்கத்தில தொடங்கிறதோ? வலப்பக்கம் முதல்ல கழட்டும் தம்பி," என்றார் அம்மா. அம்மா குணபூசணி ஏற்கெனவே வலது பின் சக்கரத்துக்கு முன்னால் சூடம் கொளுத்தி, எலுமிச்சம்பழமும் வைத்திருந்தார்.

"இது கார். புதுவீடு குடிபூரல் இல்லை!"

அடைக்கப்பன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். வீட்டில் எங்கள் பக்கம் பேச அம்மா ஒருவர்தான். தீர்ப்புச் சொல்லப்போவதோ அப்பா. நான் கண்ணால் 'இடது, இடது' என்று கெஞ்சினேன். மடையன், ஜேக்கை வலப்பக்கம் தள்ளினான். அவன் அம்மாவும் செருப்பைக்கூட வலது காலில்தான் முதலில் போடுவாராம். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டானே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நாலு சக்கரமும் இழுக்கிற காரில் பின் சக்கரத்துக்குள்ளும் எஞ்சினிலிருந்து தண்டு ஓடும். அதன் நுனியிலிருந்த பெரிய நட் துருப்பிடித்துக் கிடந்தது. அப்பா உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடிக்க, ஸ்பானரில் நீளக் குழாயை மாட்டி அதில் அடைக்கப்பன் தொங்கினான். நட் 'டக்' என்று இளகியபோது அவன் தரையில் விழுந்தான். அப்பா எட்டிப் பார்த்தார்.

தண்டைப் பின்னால் தட்டித் தள்ளிச் சக்கரத்தின் நடுப்பாகத்தைக் கழற்றினான். கையில் வைத்துச் சுற்றிப் பார்த்தான். சத்தமே இல்லை. அவன் முகம் வெளுத்தது.

"மீனா, இது நல்லாத்தான் இருக்கு லா," என்றான் ரகசியமாக.

"இப்பச் சொல்லி?"

"தொடங்கின காரியத்தை இடையில விடக்கூடாது தம்பி," என்றார் பின்னால் நின்ற அம்மா.

பக்கத்துத் தெரு ஜெயராஜ் பட்டறைக்குக் கொண்டுபோய், நல்ல பேரிங்கை அழுத்தி வெளியே எடுத்து, ஐஸ் பெட்டியிலிருந்த புது பேரிங்கை இறக்கிக்கொண்டு வந்தான். எல்லாவற்றையும் மாட்டி நட்டை இறுக்கினான்.

நாலு பேரும் ஏறினோம். முன்னால் அப்பாவும் அவனும், பின்னால் நானும் அம்மாவும். பெடரல் ஹைவேயில் கிள்ளான் பக்கம் திரும்பி அப்பா வேகத்தைக் கூட்டினார்.

'ஊ...'

அடைக்கப்பன் இருக்கைக்குள் புதைந்தான். இத்தோடு எல்லாம் முடிந்தது, நடுரோட்டில் இறக்கிவிடப் போகிறார் என்று நான் கண்ணை மூடினேன். சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்பா சிரித்தார்! காரை வலப்பக்கம் வளைத்தார். பாரம் இடது சக்கரத்தில் சாய, ஊளை உச்சத்துக்குப் போனது. இடப்பக்கம் வளைத்தார், ஊளை தணிந்தது.

"கேட்டியே குணபூசணி? இடப்பக்கம்! இன்னொருக்காக் கேள்!"

மறுபடி வலம், மறுபடி இடம். லோரிக்காரன் ஒருவன் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே போனான். நானும் அம்மாவும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து விழுந்தோம். எனக்குத் தலை சுற்றியது, வயிறு நோகச் சிரித்தேன். அடைக்கப்பனும் சிரிக்க ஆரம்பித்து, அந்த வேகத்திலேயே, "அங்கிள், மீனாவை எனக்குக் கட்டிக் குடுங்க!" என்று கத்திவிட்டான்.

கார் நேரானது. சிரிப்பு நின்றது. ஊளை மட்டும் கேட்டது.

"தம்பி," என்றார் அப்பா, "கலியாணம் கட்டின நாள் தொடக்கம் நான் சொன்னது சரியா வந்தது இண்டைக்குத்தான். அதைச் செய்து தந்த ஆளுக்கு இல்லையெண்டு எந்த வாயால சொல்லுறது? வாற ஞாயிறு இடப்பக்கம் மாத்துவம். வரேக்க அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாரும்."

அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "ஓமோம், நீங்கள் சொன்னதுதான் சரி," என்று இரண்டு தரம் சொன்னார். வீடு வரும்வரை அப்பா சீட்டியடித்தார்.

வீட்டில் அடுப்படிக்கு ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். "பாவம் அம்மா, எனக்காகத் தோத்துப்போனியள்."

அம்மா இறாலை உரித்துக்கொண்டே, "நான் எப்பவும் பின் சீட்டில இடப்பக்கம்தானேடி இருக்கிறனான்," என்றார். "இவ்வளவு நாளும் எனக்குக் கீழதானே அது கத்திக்கொண்டு கிடந்தது. போ, அப்பாவுக்குத் தேத்தண்ணி குடு."