வெயிலில் நனைந்த கையுறை

1

"மறுபடியும் நனைஞ்சிருக்கு பாரு, பிழிஞ்சா ஒரு குவளை தேறும்…"

"மழைன்னா நனையத்தான் செய்யும், மார்த்தே…"

"அவளுக்குக் காது வலி போய் ஒரு வாரம்கூட ஆகல…"

"உள்ளயே உட்கார்ந்திருந்தா காது வலி வராதுன்னு எந்த டாக்டர் சொன்னாரு?"

"மழை நாள்ல உள்ள விடுன்னுதான் கேக்கறேன். அது என்ன பெரிய வரமா?"

"மழை நாள்ல எல்லாம் உள்ள விட்டா, ஜூன் மாசம்தான்டி வெளியில வருவா!"

2

இந்தக் கதை எனக்கு முகமில்லாமல்தான் வந்தது. செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் பேட்டைப் பள்ளிக்குப் போய், பிள்ளைகள் வாய்விட்டு வாசிப்பதைக் கேட்பேன். வயதானவர்களுக்கு இங்கே தரப்படும் வேலைகளில் இதில்தான் உட்கார இடம் உண்டு. என் பெஞ்சு கோட்டு மாட்டும் அறையின் மூலையில் இருக்கிறது. அன்று இடைவேளை நேரம். எனக்கும் உலகத்துக்கும் நடுவே பிள்ளைகளின் மழைக் கோட்டுகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்குக் கீழே இரண்டு ஜோடிக் கால்கள். ஒன்று மார்த்தே; மகள் இல்வா மறந்துவிட்டுப் போன ரொட்டிப் பொட்டலத்தைக் கொடுக்க வந்தவள். மற்றது இல்வாவின் ஆசிரியை ரன்வெய்க். இருவரும் இதே பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அதனால்தான் அந்த 'டி'.

முதலில் வேறு மாதிரித் தொடங்கியிருந்தேன்:

பெர்கன் நகரத்து மழை, கடலுக்கும் மலைகளுக்கும் நடுவே ஒரு

[நிறுத்திவிட்டேன். வருஷமெல்லாம் மழை பெய்யும் இந்த ஊரில் ஒருத்தி மழையை வர்ணிக்கிறாள் என்று தெரிந்தால் ஊரே சிரிக்கும்.]

3

வாசகரே, விதி இதுதான். இடைவேளை மணி அடித்தால் எல்லாப் பிள்ளைகளும் வெளியே போக வேண்டும். மழை, ஆலங்கட்டி, பக்கவாட்டில் வரும் மழை, எதுவும் காரணமாகாது. ஒரே ஒரு விலக்கு: கையுறை நனைந்து உலர்த்தும் அலமாரிக்குள் இருந்தால், அது காயும்வரை பிள்ளை உள்ளே இருக்கலாம். இல்வாவின் கையுறை குளிர்காலம் தொடங்கியதிலிருந்து காய்ந்ததே இல்லை.

நான் எந்தக் கட்சி என்று கேட்பீர்கள். வெளியே ஓடிய பிள்ளைக்குப் பசிக்கிறது, தூக்கம் வருகிறது, வாசிக்கும்போது காலை ஆட்டுவதில்லை. ஆனால் ஈரக் காலுறையோடு வகுத்தல் கணக்குப் போடுவதும் கல்வியில் சேர்த்தியில்லை. இரண்டு பக்கமும் சரி என்று எழுதினால் கட்டுரை. ஒருத்தி பக்கம் சாய்ந்தால் கதை. நான் இன்னும் சாயவில்லை.

4

"நீ மட்டும் என்னவாம்? ஆறாம் வகுப்புல சைக்கிள் கொட்டகைக்குள்ள ஒளிஞ்சு நின்னவதானே?"

"குளிருச்சு, நின்னேன்."

"பொய். புதுத் தொப்பி நனைஞ்சிடும்னு நின்ன."

"அதுவும்தான். அதுக்காக என் பொண்ணு நனையணுமா?"

"நனையட்டும்டி! ஓடினா சூடாகும். உள்ளயே உட்கார்ந்து பழகினா இந்த ஊர்ல எப்படிக் காலம் தள்ளுவா?"

"ஓடட்டும். வெயில் அடிக்கிற அன்னிக்கு!"

இங்கேதான் ரன்வெய்க் மீது எனக்குச் சந்தேகம் வந்தது. 'எதையும் கவனிக்கும் ஆசிரியை' என்று முதல் வரைவில் எழுதியிருந்தேன். அப்படிப்பட்டவள் ஒருமுறையாவது ஜன்னல் பக்கம் திரும்பியிருக்க மாட்டாளா? மார்த்தேயும்தான். ஏனென்றால் அன்று

[சொல்வதா, அவர்களாகவே கண்டுபிடிக்கட்டும் என்று விடுவதா? சொல்லிவிடுகிறேன், எனக்குப் பொறுமை குறைந்துவிட்டது.]

அன்று மழையே இல்லை. சனிக்கிழமையிலிருந்தே இல்லை. வானம் நீலமாக இருந்தது. கடை வாசலில் முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. மழையைப் பற்றிய சண்டை மட்டும் பழக்கத்தில் நடந்துகொண்டிருந்தது.

(இடைவேளை நேரத்தில் மழைக் கோட்டுகள் கொக்கியில் தொங்கினால் என்ன அர்த்தம்? இரண்டாம் பகுதியிலேயே எழுதிவிட்டேன். நீங்களும்தான் கவனிக்கவில்லை.)

5

முடிவுகளைப் பார்த்துவிடலாம்.

ரன்வெய்க் இறங்கி வருகிறாள். இல்வா கோடைவரை உள்ளே. மார்த்தேக்கு வெற்றி.

மார்த்தே இறங்கி வருகிறாள். இல்வா நாளை முதல் வெளியே. ரன்வெய்க்குக்கு வெற்றி.

இன்னொன்றில், சிவப்புத் தொப்பி போட்ட ஒரு சிறுமி ஓடிவந்து இல்வாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறாள். ஒரு பக்கம் எழுதி, அடித்துவிட்டேன். அவள் குரல் எனக்குக் கேட்கவே இல்லை. குரல் கேட்காத ஆளைக் கதைக்குள் விட்டு எனக்குப் பழக்கமில்லை.

6

"மார்த்தே."

"என்ன?"

"வெளியில பாரு."

"வெயில்," என்றாள் மார்த்தே, புகார் கொடுப்பதுபோல.

"அப்போ இது எப்படி நனைஞ்சுது?"

"உன் பள்ளிக்கூடம். நீ சொல்லு."

கையுறையிலிருந்து தரையில் சொட்டியது.

இல்வா என் பக்கத்தில்தான் இருந்தாள். ஆரம்பத்திலிருந்தே. வாசித்துக்கொண்டிருந்த வரியில் விரலை வைத்தபடி, சண்டை முடியக் காத்திருந்தாள். முன்பே ஏன் சொல்லவில்லை என்றால், அவள் அதுவரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. இப்போது இரண்டு கோட்டுகளை விலக்கித் தலையை நீட்டினாள்.

"குழாயில நான்தான் நனைச்சேன்."

"எதுக்குடி கண்ணு?" என்றாள் மார்த்தே.

"தினமுமா?" என்றாள் ரன்வெய்க்.

"மழை அன்னிக்குக் கொஞ்சம் பிடிச்சாலே போதும். நேத்தும் இன்னிக்கும்தான் ரொம்ப நேரம் பிடிக்க வேண்டியிருந்துது."

ரன்வெய்க் தன் கையுறைகளைக் கழற்றி அவளிடம் நீட்டினாள். மார்த்தே தடுக்கவில்லை. குளிர்காலம் தொடங்கியதிலிருந்து முதன்முறையாக இருவரும் ஒரே கட்சி.

"போ. வெயில் போறதுக்குள்ள போய் விளையாடு."

"ஆமா, போடா செல்லம்."

[இந்த இடத்தில் முடித்திருந்தால் நல்ல முடிவு என்று சொல்லியிருப்பீர்கள். ஆனால் அவள் பேசி முடிக்கவில்லை. அவள் அடுத்துக் கேட்டதற்கு எந்த வரைவிலும் என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். கீழே இடம் விட்டிருக்கிறேன்.]

இல்வா கையுறைகளை மாட்டிக்கொண்டாள். அவை முழங்கைவரை வந்தன. கதவைப் பார்த்தாள். பிறகு அவர்கள் இருவரையும் பார்த்தாள்.

"போறேன். அங்க போய் யார் பக்கத்துல நிக்கணும்னு மட்டும் சொல்லுங்க."