திரும்பி வந்த பெட்டி

கடப்பாரை நுனியை மரப்பெட்டியின் மூடிக்குள் நுழைத்து இசிகேலி ஒரு நெம்பு நெம்பினான். மூடி கழன்றதும் அவன் முகம் மலர்ந்தது. ஆய்வு நிலையத்தின் தலைவராகி நான்கு மாதம்தான் ஆகிறது. பிரிஸ்பேனில் படித்து வளர்ந்தவன். காணாமல் போன பொருள் திரும்பி வந்தால் சந்தோஷப்பட வேண்டும் என்று நினைப்பவன்.

"பாருங்கக்கா, எவ்வளவு நேர்மையான மனுசங்க."

வசெமாதா எட்டிப் பார்த்தாள். வைக்கோல் போலச் சுருண்ட காகிதத்துக்குள் முதலில் தெரிந்தது கருத்தரங்கு அறையின் சுவர்க்கடிகாரம். அதற்கடியில் பழைய தலைவரின் பெயர்ப்பலகை, தேங்காய் துருவும் முக்காலி, மின்விசிறியின் திருகு குமிழ். எல்லாவற்றுக்கும் கீழே, துணி சுற்றி, நிலையத்தின் பழைய யங்கோனா கிண்ணம். ஒரு காலத்தில் சாயங்காலமானால், வேரை இடித்துக் கரைத்த அந்தப் பானத்தைக் குடிக்க எல்லோரும் அதைச் சுற்றித்தான் பாயில் உட்காருவார்கள். பெட்டியோடு நார்வேயின் வடகோடி நிலையத்திலிருந்து இரண்டு வரி வந்திருந்தது. எங்கள் சேமிப்பு அறையில் இருந்த உங்கள் சொத்துகளை அனுப்பியிருக்கிறோம், தாமதத்துக்கு வருந்துகிறோம்.

அந்த 'வருந்துகிறோம்'தான் வசெமாதாவுக்குச் சுருக்கென்றது.

முப்பது வருடத்துக்கு முன் அந்த வடகோடியிலிருந்து முதன்முதலில் வந்து இறங்கியவன் ஆந்தே. கலைமான் மேய்க்கும் குடும்பத்துப் பையன். பனியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவன். பிஜியின் தலைநகரான சுவாவின் வெயிலில் இறால் போலச் சிவந்துபோய், எதைத் தொடுவதற்கும் அனுமதி கேட்டுக்கொண்டு திரிந்தான். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தான் செமி. கடல் நீரோட்டம் படித்தவன், வசெமாதாவின் சகா, வாய்த்துடுக்கில் அவனை மிஞ்ச ஆளில்லை. எட்டாவது நாள், யங்கோனா ஒரு சுற்று முடிந்ததும், கையைத் தட்டி அறிவித்துவிட்டான்.

"இன்னைலேர்ந்து உங்க ஊரும் எங்க ஊரும் தௌவூ. எங்க தாத்தன் சாமி நீந்திப் போய் உங்க ஊர்ல குளிர்ல செத்துருக்கும். அதனால நீ என்னைக் கண்டபடி வையலாம். பிடிச்சதைத் தூக்கிட்டுப் போகலாம். ஆனா ஒண்ணுடா, எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தே, அன்னைக்கோட உறவு அறுந்துச்சு."

ஒரே மூதாதைச் சாமியின் வழிவந்த தௌவூ ஊர்க்காரர்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் புகுந்து வாரிக்கொண்டு போவது தீவில் புதிதில்லை. கோபப்படுகிறவன்தான் தோற்றவன். திருப்பித் தரக்கூடாது என்ற சட்டம் மட்டும் செமியின் சொந்தச் சரக்கு. ஆந்தே எல்லாவற்றையும் குறித்துக்கொண்டான். ஆறு மாதம் கழித்து அவன் விமானம் ஏறிய பிறகுதான் கடிகாரம் இல்லாதது தெரிந்தது. அதற்குப் பிறகு ஒரு மாதம் எந்தக் கருத்தரங்கும் நேரத்துக்கு முடியவில்லை.

அடுத்த வருடம் வசெமாதா வடக்கே போனாள். சூரியனே எழாத மாதம். அரவணைக்கிற இருட்டு என்று அதை அவள் ஊரில் வந்து சொன்னபோது யாரும் நம்பவில்லை. உறைந்த ஏரியின் மேல் ஆந்தேயோடு நடந்து, எங்கே கால் வைக்கலாம், எங்கே கூடாது என்று பனியின் நிறம் பார்த்துச் சொல்லப் பழகினாள். பவளப்பாறை மேல் வற்றுக்கடலில் நடக்கும்போது தன் அம்மா தண்ணீரின் நிறம் பார்ப்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் இருவரும் சேர்ந்து பதினைந்து வருடம் செய்த ஆராய்ச்சி. திரும்பும்போது குளிர்கோட்டுக்குள் அவர்களுடைய செம்புக் காப்பிக் கெண்டியைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். கெண்டியைக் கேட்டு ஆந்தே எழுதிய வசவுக் கடிதத்தின் கடைசியில், முழுநிலவுக்கு எத்தனை நாள் முன்னால் உங்கள் மீன் முட்டையிட வரும் என்ற கேள்வி இருந்தது. இப்படித்தான் வேலை நடந்தது. திட்டுவதற்காக எழுதினார்கள், எழுதியதால் கேட்டுக்கொண்டார்கள்.

செமி போய்ச் சேர்ந்துவிட்டான். ஆந்தேக்கு ஞாபகம் தப்பிவிட்டதாம். பிள்ளையையே அடையாளம் தெரியவில்லையாம். அங்கே புதிதாக வந்த யாரோ சேமிப்பு அறையைச் சுத்தம் செய்திருக்கிறார்கள்.

"நாமளும் அவங்க சாமானை எல்லாம் அனுப்பிரணும்கா," என்றான் இசிகேலி. "பனி அள்ளுற மண்வெட்டி, அந்த ஒத்தை சறுக்குக் கட்டை. கெண்டி உங்க வீட்லதானே இருக்கு?"

"ஆமா. வேணும்னா ராத்திரி வந்து திருடிட்டுப் போ."

"விளையாடாதீங்க. ரெண்டு நிலையத்துக்கும் உள்ள ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது. இப்பதான் எல்லாரும் திரையிலேயே பேசிக்கிறோமே, ஆள் போய் வர்றது எதுக்கு? அவங்க பக்கத்துலேர்ந்து யாராச்சும் வேணும்னு கேட்டா யோசிக்கலாம். கேக்க ஆளில்ல."

கேட்கக்கூடியவள் ஒருத்திதான். கதவருகில் நின்றுகொண்டிருந்தாள் ரிஸ்டின், இந்த வருடம் வடக்கிலிருந்து வந்த பெண். முப்பது வயதிருக்கும். கடல் வெப்பம் பற்றிய படிப்பு. கோப்பையைக் கழுவிக் கவிழ்க்காமல் போனதில்லை. ஒரு குண்டூசிக்குக் கூட நன்றி சொல்வாள். அடுத்த வாரம் கிளம்புகிறாள்.

"எல்லாம் பத்திரமா வந்துருச்சா?" என்றாள். "ரொம்ப நாளா வச்சிருந்துட்டாங்க போல. எனக்கே வெக்கமா இருக்கு."

வசெமாதா கிண்ணத்தைத் துடைத்தபடி இருந்தாள்.

"உங்களுக்குச் சந்தோஷமா இல்லையா?"

"சின்ன வயசுலேர்ந்து உங்க வீட்டு அடுப்படி வரைக்கும் ஓடி வர்ற பக்கத்து வீட்டுப் பிள்ளை, ஒரு நாள் வாசல்ல நின்னு கதவைத் தட்டி, உள்ள வரலாமான்னு கேட்டா எப்படி இருக்கும் உனக்கு?"

ரிஸ்டின் யோசித்தாள். அந்த ஒரு வாரமும் செமியைப் பற்றி, ஆந்தேயைப் பற்றி, கடிகாரத்தைப் பற்றி அவளுக்கு எல்லாம் சொன்னாள் வசெமாதா. திருட்டுகளைச் சொல்லி இருவரும் சிரித்தார்கள். ஒன்றை மட்டும் வசெமாதா சொல்லவில்லை: நீயும் எடு. சொல்லிக்கொடுத்து எடுக்க வைத்தால் அது அன்பளிப்பு. அன்பளிப்பு யாருக்கு வேண்டும்?

கிளம்பும் நாளன்று ரிஸ்டின் எல்லோரிடமும் முறையாக விடைபெற்றாள். அறைச் சாவியை இசிகேலியின் கையில் கொடுத்தாள். மேசையைத் துடைத்திருந்தாள். கடன் வாங்கிய புத்தகங்களை அகர வரிசையில் அடுக்கியிருந்தாள். வசெமாதாவைக் கட்டிக்கொண்டு கண் கலங்கினாள். டாக்சி வாசலைத் தாண்டியதுதான் தாமதம், வசெமாதா அறை அறையாகப் போக ஆரம்பித்தாள். கடிகாரம் சுவரில் ஓடிக்கொண்டிருந்தது. கிண்ணம் அதன் மூலையில். முக்காலி, குமிழ், ஆந்தே வரைந்த பனிப்படம், சமையலறைக் கரண்டிகள்.

இசிகேலி அவள் பின்னாலேயே வந்தான். "என்னக்கா தேடுறீங்க?"

"காணாம போனதை."

"என்ன காணோம்?"

"எதுவும் காணாம போகலப்பா. அதான் தேடுறேன்."

அவன் தன் அறைக்குப் போனான். கொஞ்ச நேரத்தில், வடக்குக்கு அனுப்ப மண்வெட்டியை அளந்து பெட்டி செய்யச் சொல்லும் அவன் குரல் கேட்டது.

நாலு மணிக்கு வழக்கம் போல மழை பிடித்தது. வசெமாதா பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து, குடை வைக்கும் தொட்டிக்குள் பார்க்காமலே கை விட்டாள். பிறகு பார்த்தாள். இசிகேலியின் புதுக் குடை இருந்தது. நூலகத்துப் பெண்ணின் பூப்போட்ட குடை இருந்தது. கம்பி ஒடிந்து, பல மாதமாக யாரும் தொடாத ஒன்றும் இருந்தது. அவளுடைய பெரிய கறுப்புக் குடை மட்டும் இல்லை.

சுவாவில் குடையை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போவார்கள். தபால்காரன் எடுத்திருக்கலாம். மத்தியானம் நிதி கேட்டு வந்த தேவாலயத்துப் பெண்கள் எடுத்திருக்கலாம். அந்த வடகோடியில், வானத்திலிருந்து வருவதெல்லாம் பனியாகவே வரும் மாதங்களில், மழைக்குடையை வைத்துக்கொண்டு ஒருத்தி என்னதான் செய்வாள்?

"அக்கா, என்னுதை எடுத்துக்கிட்டுப் போங்க. நாளைக்குக் கொடுத்தா போதும்." இசிகேலி சன்னலிலிருந்து கத்தினான்.

"வேணாம்ப்பா."

அவள் படியிறங்கினாள். ஈரப்பலா மரத்தடியில் ஒதுங்கியிருந்த பள்ளிக்கூடப் பெண்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு, சாலையின் நடுவில் அவசரமே இல்லாமல் நடந்து போகும் அந்தக் கிழவியைப் பார்த்தார்கள். நனைந்த பாவாடை கணுக்காலில் ஒட்ட, தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்ட, வானத்துக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு அவள் போனாள். அவளுக்கு எதிரே விரிகுடாவின் மேல் மழை வெள்ளையாக, கனமாக, கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது.