பெபிஷாவுக்கு நான் சேர்த்த வரி

1.

பெபிஷாவின் ரெஸ்யூமில் அவளைக் கேட்காமல் நான் ஒரு வரியைச் சேர்த்தேன். இந்தக் கதை அந்த வரியிலிருந்து வந்தது. பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்து என்னைத் திட்டுவதைவிட முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

வடசேரி பேருந்து நிலையத்துக்கு எதிர்ப்பக்கம் எனக்கு ஒரு டி.டி.பி. கடை. ஜெராக்ஸ், லேமினேஷன், கல்யாணப் பத்திரிகை, வேலைக்கு விண்ணப்பம். ஆள் வராத நேரத்தில் கதை எழுதுவேன். நாலைந்து பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. போன வாரம் செவ்வாய்க்கிழமை பெபிஷா வந்தாள். மணக்குடிக்காரி, எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்திருந்தாள். அஞ்சுகிராமம் பக்கம் புதிதாகத் திறந்த ஒரு பரிசோதனைக்கூடத்தில் இரண்டு இடம் காலி என்று கேள்விப்பட்டு, அன்றைக்கே ரெஸ்யூம் அனுப்ப வேண்டும் என்றாள். குடிநீர், மசாலாப் பொடி, மீன் எல்லாவற்றையும் சோதித்துச் சான்று கொடுக்கிற இடம் அது.

அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். படிப்பு, மதிப்பெண், புராஜெக்ட், தெரிந்த மொழிகள். முடித்துப் பார்த்தால் பக்கத்தில் பாதி வெள்ளையாகக் கிடந்தது.

"கருவி ஏதாவது தெரியுமா மக்கா?"

"எச்.பி.எல்.சி. இருந்துச்சு அக்கா, எங்க காலேஜில. பூட்டின ரூமுக்குள்ள. எட்டிப் பாத்திருக்கேன்."

ஒரு திரவத்தில் என்னென்ன கலந்திருக்கிறது, எது எவ்வளவு என்று பிரித்துத் திரையில் கோடு போட்டுக் காட்டுகிற கருவி அது. அவளுக்கு அப்போது ஃபோன் வந்தது, வாசலுக்குப் போனாள். நான் 'எச்.பி.எல்.சி. கருவியைக் கையாண்ட அனுபவம் உண்டு' என்று ஆங்கிலத்தில் அடித்தேன். கதையில் ஒரு பாத்திரம் மெலிந்து தெரிந்தால் அதற்கு ஒரு தழும்போ ஒரு கெட்ட பழக்கமோ கொடுப்பேன். அதே கைப்பழக்கம். அவள் திரும்பி வந்து, படித்துப் பார்க்காமலே, "அனுப்பிருங்க அக்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள். அனுப்பிவிட்டேன்.

2.

கதையைத் தொடங்க நான் செய்த முயற்சிகள்:

'மணக்குடிக் காயலின்மீது விடியல் சிவந்துகொண்டிருந்தபோது, கையில் கண்ணாடிக் குப்பியுடன் பெபிஷா'

[நிறுத்திவிட்டேன். புராஜெக்டுக்காக அவள் காயல் தண்ணீர் எடுத்தது காலை பத்தரைக்கு, கொளுத்துகிற வெயிலில். அப்பா ஜான்ரோஸ் கடலுக்குப் போகிறார் என்பதற்காக மகளுடைய கதை விடியற்காலையில்தான் தொடங்க வேண்டுமா?]

'ஏழை மீனவக் குடும்பத்தில் பிறந்த'

[இதை அவள் படித்தால் என் கடையைக் கொளுத்திவிடுவாள்.]

[கொளுத்த மாட்டேன். ஆனா எங்க அப்பாக்கு ரெண்டு வள்ளம் உண்டு. அதை எழுதுங்க. பெபிஷா]

ஆமாம், எழுத எழுத அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். ஒருமுறை கேட்காமல் எழுதிப் பட்ட பாடு போதும். அவள் குறிப்புகளை அப்படியே அடைப்புக்குறிக்குள் விட்டுவைக்கிறேன்.

3.

புதன்கிழமை அவளுக்கு அழைப்பு வந்துவிட்டது. சனிக்கிழமை பத்து மணிக்கு நேர்முகம். பதினாறு பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வியாழன் காலையில் ரெஸ்யூமில் மூன்று பிரதி எடுக்க என் கடைக்கு ஓடிவந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. இயந்திரத்திலிருந்து வந்த சூடான தாளை எடுத்து முதன்முறையாகப் படித்தாள்.

"அக்கா, இது யாரு?"

"எது?"

"இந்தப் பெபிஷா. எனக்கு இவளத் தெரியாது."

விரலால் அந்த வரியைத் தொட்டுக்காட்டினாள். சிரிப்பு போயிருந்தது. ஆதார் அட்டை நகலெடுக்க வந்திருந்த ஒருவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பக்கம் வெறிச்சுன்னு கிடந்தது, அதான்" என்றேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

"இதப் பாத்துத்தான் என்னைக் கூப்பிட்டாவளோ என்னமோ. அந்த மெஷினுக்க முன்னால கொண்டு நிறுத்தி, ஓட்டிக் காட்டுன்னு சொன்னா நான் என்ன செய்வேன்?"

"தப்பு என் மேலதான். திருத்தி வேற அனுப்பட்டா?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். [இங்கே 'அவள் கண்களில் நீர் திரண்டது' என்று எழுதியிருந்தேன்.] [நான் அழல்ல. யோசிச்சேன். பெபிஷா] அவள் யோசித்தாள். ஆதார்க்காரர் பணம் கொடுத்துவிட்டும் போகாமல் நின்றார்.

"எனக்க சீனியர் பிரிஜா குழித்துறையில ஒரு ஆயுர்வேத மருந்துக் கம்பெனி லேபில இருக்கா" என்றாள் கடைசியில். "அங்க இந்த மெஷின் உண்டு. நாளைக்கு ஒரு நாள் இருக்கே அக்கா."

"ஒரு நாள்ல படிச்சிர முடியுமா?"

"முடியாது. ஆனா தொட்டுப் பாத்திரலாம்."

அந்த இடத்தில்தான் எனக்கு அவளை மிகவும் பிடித்துப்போனது. என் கதைகளில் வரும் பெண்கள் இப்படி ஒரு பொய்யில் மாட்டினால் குறைந்தது இரண்டு பக்கம் மனம் குமைவார்கள். இவள் பத்து நிமிடத்தில் பிரிஜாவிடம் பேசி முடித்துவிட்டாள். பழைய கருவி ஒன்று பயிற்சிக்கென்று கிடக்கிறது, பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டேன், நாளை மதியம் வா என்று பதில் வந்தது.

அன்று மாலைவரை கடையில் நானே நேர்முக அதிகாரி. இணையத்தில் கிடைத்த கேள்விகளை அச்செடுத்து வைத்துக்கொண்டு கேட்டேன்.

"உங்களுடைய பலவீனம் என்ன?"

"சட்டுன்னு கோவம் வரும்."

"அப்படிச் சொல்லக் கூடாதாம். 'எதையும் கச்சிதமாகச் செய்யாமல் விடமாட்டேன், அதுதான் என் பலவீனம்'னு சொல்லணுமாம்."

"ஏற்கெனவே ஒரு பொய் கிடக்கு அக்கா. போதாதா?"

4.

வெள்ளிக்கிழமை கடையைச் சாத்திவிட்டு நானும் போனேன். ஏன் போனேன்? கதைக்குத் தகவல் சேர்க்க என்று அப்போது சொல்லிக்கொண்டேன். உண்மையில், நான் எழுதிய வரி நிஜமாவதை என் கண்ணால் பார்க்க ஆசை.

தக்கலை தாண்டும்வரை பேருந்தில் அவள் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். முன் இருக்கைப் பெண்மணி திரும்பி, "எந்தப் பரீட்சைக்கு?" என்று கேட்டாள். "வேலைக்கு" என்றாள் பெபிஷா. "கிடைக்கும். இவ்வளவு சத்தமாப் படிச்சா எனக்கே கிடைச்சிரும்" என்றாள் அந்தப் பெண்மணி.

பிரிஜா வாசலில் காத்திருந்தாள். மெலிந்த உருவம், வெள்ளைக் கோட்டு, வேகமான பேச்சு. எங்களை உள்ளே கூட்டிப்போய், பெட்டிமேல் பெட்டியாக அடுக்கிய பழைய ஒலிபெருக்கி போலிருந்த கருவியைக் காட்டினாள். இவ்வளவு சின்னதா என்று எனக்கு ஏமாற்றம். பெபிஷாவோ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைச் சுற்றி வந்தாள்.

"கையக் கெட்டிட்டு நிக்காத. தொடு, கடிக்காது" என்றாள் பிரிஜா.

இரண்டு மணிக்குத் தொடங்கினார்கள். கரைப்பானைத் தயார் செய்து பம்பை ஓட விட்டார்கள். அழுத்தம் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. ஒரு இடத்தில் நிற்கவில்லை.

"காத்துக் குமிழி உள்ள மாட்டியிருக்கு. சாரமில்ல, பயப்படாத. வெளிய எடு பாப்போம்" என்றாள் பிரிஜா. எப்படி என்று ஒருமுறை செய்து காட்டிவிட்டு விலகி நின்றாள். பெபிஷா வால்வைத் திறந்தாள், பம்பை வேகமாக ஓட்டினாள், மூடினாள். அழுத்தம் ஆடியது. மறுபடி திறந்தாள். மூன்று மணி ஆயிற்று, நாலு ஆயிற்று. கண்ணுக்கே தெரியாத ஒரு காற்றுப்பொட்டு அவளை ஆட்டிவைத்தது. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"வெளிய வா பிசாசே" என்று ஒருமுறை மெல்லச் சொன்னாள். [சொன்னேன். ஆனா அதவிட மோசமாச் சொன்னேன். பெபிஷா]

நாலே முக்காலுக்கு எண் அசையாமல் நின்றது. பிரிஜா அவளிடம் ஊசியைக் கொடுத்தாள். மிளகின் காரத்துக்குக் காரணமான பொருளைக் கரைத்து வைத்திருந்தார்கள். பெபிஷா சொட்டளவு எடுத்துச் செலுத்தினாள். திரையில் கோடு தட்டையாக ஊர்ந்தது. ஒரு நிமிடம், இரண்டு, ஐந்து. திடீரென்று கோடு நிமிர்ந்து மேலே ஏறிற்று. உச்சி தொட்டுச் சரிந்து இறங்கிற்று.

பெபிஷா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்த தடம் இரண்டு நாள் இருந்தது.

"அக்கா, அது மிளகு" என்றாள்.

5.

இனி நேர்முகம். நான் அங்கே இல்லை. அதனால் அவள் வந்து சொல்வதற்கு முன்பே, சனிக்கிழமை காலை கடையில் உட்கார்ந்து இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன்.

அ) அதிகாரி கேட்கிறார்: "அழுத்தம் ஆடினால் என்ன செய்வீர்கள்?" பெபிஷா புன்னகைக்கிறாள். குமிழியைப் பற்றிச் சொல்கிறாள். வேலை கிடைக்கிறது. [எழுதும்போது எனக்கே உடம்பு சிலிர்த்தது. ஆனால் உலகம் இவ்வளவு வசதியாகக் கேள்வி கேட்பதில்லை.]

ஆ) பொய் பிடிபடுகிறது. அவள் தலைகுனிந்து வெளியேறுகிறாள். எழுத்தாளர் குற்றவுணர்ச்சியில் பேனாவை [எனக்குப் பேனாவே கிடையாது. நிறுத்திவிட்டேன்.]

நடந்தது இது. பிற்பகல் இரண்டு மணிக்கு வந்து, நின்றபடியே சொன்னாள்.

அறையில் இருவர். லீலாபாய் என்ற மேடம், ஐம்பது வயதிருக்கும். அவர்தான் பரிசோதனைக்கூடத் தலைவி. பக்கத்தில் மடிக்கணினியோடு ஓர் இளைஞர். இளைஞர்தான் தொடங்கினார்.

"எச்.பி.எல்.சி. அனுபவம்னு போட்டிருக்கு. எவ்வளவு காலம்?"

"மூணு மணி நேரம், சார்."

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "எப்போ?"

"நேத்து."

பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். டி.டி.பி. கடை அக்கா எழுதினது, நான் வாசிக்காம அனுப்பினது எனக்க தப்பு, வியாழக்கிழமைதான் பாத்தேன், நேத்து குழித்துறைக்குப் போய் ஒரு குமிழியோட சண்டை போட்டேன் என்று.

"அந்த அக்கா ஏன் அப்படி எழுதினாங்க?" என்று கேட்டிருக்கிறார் லீலாபாய்.

"அவிய கதை எழுதுவாவ, மேடம்."

"அப்போ இந்தத் தாளில இன்னும் எதெல்லாம் கதை?"

"வேற ஒண்ணும் இல்ல. மத்ததெல்லாம் நான் செஞ்சது. எதுல வேணும்னாலும் கேளுங்க."

கேட்டார்கள். நாற்பது நிமிடம். இளைஞர் அவள் புராஜெக்டைப் புரட்டி, எட்டு வாரம் தண்ணீர் எடுத்ததாக இருக்கிறது, ஏழு வாரத்துக்குத்தான் முடிவு இருக்கிறது, ஏன் என்றார். ஐந்தாவது வாரம், ஒன்றுமே வளரக்கூடாத சோதனைத் தட்டிலும் கிருமி வளர்ந்துவிட்டது, என் கை சுத்தமில்லை என்று அர்த்தம், அந்த வாரத்தை முழுசாகத் தள்ளிவிட்டேன் என்றாள்.

"அந்தத் தட்டை வேற யாரும் பாத்தாங்களா?"

"இல்ல, சார். நான் மட்டுந்தான்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லீலாபாய் எழுந்து, அவளை உள்ளே கூட்டிப்போய் அளந்து உறிஞ்சுகிற ஒரு பிப்பெட்டைக் கையில் கொடுத்து, பத்துச் சோதனைக் குழாய்களில் ஒரே அளவாகத் தண்ணீர் எடுக்கச் சொன்னார். எடுத்தாள். கை நடுங்கவில்லை. [முதல் குழாயில நடுங்கிச்சு. பெபிஷா] அப்புறம் அவர் சொன்னது:

"திங்கக்கிழமை பத்து மணிக்குள்ள புது ரெஸ்யூம் அனுப்பணும். நீயே எழுதணும். இப்போ என்கிட்ட பேசின மாதிரி எழுது. கதை எழுதுற அக்கா கை வைக்கக் கூடாது."

6.

திங்கள் காலை கடை திறந்ததும் வந்து என்னை என் நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டாள். "அந்தப் பக்கம் நில்லுங்க அக்கா. திரையப் பாக்கக் கூடாது."

நான் ஜெராக்ஸ் இயந்திரத்தின் பக்கம் போய் நின்றுகொண்டேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். ஒருமுறை நிறுத்தி, "எட்டு வாரம்னு எழுதட்டா, ஏழா?" என்றாள். எனக்குப் பதில் தெரியும். நாக்கு நுனிவரை வந்தது. வாயைத் திறக்கவில்லை. கொஞ்சம் கழித்து அவளே, "ரெண்டையும் எழுதுவேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி அடிக்கத் தொடங்கினாள். ஒன்பது ஐம்பத்தைந்துக்கு அனுப்பினாள். கோப்பை அழித்துவிட்டு எழுந்தாள். அவள் என்ன எழுதினாள் என்று இந்தக் கதையில் என்னால் சொல்ல முடியாது.

7.

இன்று புதன். முற்பகல் பதினொன்று. இந்தப் பத்தியை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் என் எதிரில் உட்கார்ந்து, மேலே உள்ளவற்றைப் படித்துக் குறிப்புப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் ஃபோன் அடிக்கிறது. அஞ்சுகிராமம் என்கிறாள். அந்த நேரம் பார்த்து ஜெராக்ஸ் ஓடுகிறது, வாசலில் ஆட்டோக்கள் கத்துகின்றன. "கேக்கல்ல மேடம், ஒரு நிமிசம்" என்றபடி சாலையைக் கடந்து எதிர்ப்புறத்துக்கு ஓடுகிறாள். பழக்கடைக்குப் பக்கத்தில், ஒரு காதைப் பொத்திக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். தலையை ஆட்டுகிறாள். ஆமாம் என்றா, இல்லை என்றா, பின்னாலிருந்து தெரியவில்லை.

இப்போது எனக்கு இரண்டு வரிகள் தோன்றுகின்றன. இரண்டுமே நல்ல வரிகள். இரண்டையும் நான் அடிக்கப் போவதில்லை.

கன்னியாகுமரிப் பேருந்து ஒன்று எங்கள் நடுவே வந்து நின்று அவளை மறைக்கிறது. ஆள் ஏறுகிறது. நடத்துநர் விசில் கொடுக்கிறார். பேருந்து நகர்ந்ததும் அவள் இந்தப் பக்கம் திரும்புவாள். அவள் முகத்தை முதலில் பார்க்கிறவர் நானாக இருந்தால் ஏதாவது சேர்த்துவிடுவேன். நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். நீங்கள் வாசலுக்கு வாருங்கள்.