எஃப் ஒன்பது

"என் கையை ஒரு வார்த்தை கேட்டியா நீ? கேக்காம எதுக்கு மாத்துன?" என்று அவள் கத்தியபோது, அவள் கணவன் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டிருந்தான்.

இருவரும் ஒரே அறையில் முதுகுக்கு முதுகு மேசை போட்டு வேலை செய்கிறவர்கள். அவன் கணினி நிரல் எழுதுகிறவன். அவள் பம்பு, மோட்டார்களுக்குக் கையேடு எழுதுகிறவள். எழுதுவது ஒரே எடிட்டர் மென்பொருளில். எந்தப் பொத்தானுக்கு என்ன வேலை என்று நாமே எழுதி வைத்தால் அது அப்படியே கேட்கும். அப்படி எழுதிய அமைப்புக் கோப்பு இரண்டு கணினிக்கும் பொது. அவன் ஒரு வரியை மாற்றினால் அவள் விரல் தடுமாறும்.

எந்தத் திரையில் இருந்தாலும் ஒரு பொத்தானுக்கு ஒரே வேலைதான் இருக்க வேண்டும் என்பது அவன் பிடிவாதம். திரையை மூடுவதற்கு இனி எங்கேயும் எஃப் ஒன்பது பொத்தான்தான் என்று அன்று காலை ஆரம்பித்தான். எழுதும் திரையில் மாற்றினான், தேடும் திரையில் மாற்றினான். கோப்புப் பட்டியலுக்கு வருவதற்குள் பல் டாக்டரிடம் போக நேரமாகிவிட்டது. அங்கே எஃப் ஒன்பது என்றால் அழிப்பது.

பட்டியலை மூட எஃப் ஒன்பதை அமுக்கியவளைப் பார்த்து, 'இந்தக் கோப்பை அழிக்கலாமா?' என்று கேட்டது திரை. அதற்குத்தான் அந்தக் கத்தல்.

"அதான் கேக்குதுல்ல? வேணாம்னு சொல்லு."

"பெரிய சட்டாம்பிள்ளை! பாதியில போட்டுட்டுப் போறவன் எதுக்கு ஆரம்பிச்ச?"

"ஒரே ஒரு வரிம்மா. வந்து போட்டுத் தர்றேன்."

"வந்து சேரு, வச்சுக்கறேன்."

சிரித்துக்கொண்டே படியிறங்கினான். தெருமுனையில் ஒரு லாரி, பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்காமல் பின்வாங்கியது.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள், அழுது தீர்த்துவிடு என்றார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. லாரிக்காரன் மேல். விதி என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்தவர்கள் மேல். எல்லாரையும்விட அவன் மேல். உலகத்துப் பொத்தான்களையெல்லாம் ஒழுங்குபடுத்தக் கிளம்பியவனுக்கு, லாரிக்குப் பின்னால் போகக் கூடாது என்று தெரியாதா?

மறுபடி வேலைக்கு உட்கார்ந்தாள். மற்ற இடங்களில் பழகிய விரல் பட்டியலிலும் தானாக எஃப் ஒன்பதுக்குப் போகும். 'அழிக்கலாமா?' என்று திரை கேட்கும். "வேணாம்! வேணாம்னு எத்தனை தடவை சொல்றது?" என்று அதனோடு சண்டை பிடிப்பாள்.

அந்தச் சத்தத்தில்தான் ஒருநாள் கொழுந்தன் அறைக்குள் வந்தான். கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன்.

"எதுக்கு அண்ணி இந்த அவஸ்தை? இந்த செட்டிங்கையெல்லாம் தூக்கிட்டு, புதுசுல எப்படி இருந்துச்சோ அப்படியே ஆக்கிடறேன். ஒரு நிமிஷ வேலை." சொல்லிக்கொண்டே விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தான்.

"கையை எடு."

"உங்க நல்லதுக்குத்தான்..."

"எடுன்னா எடு! உங்கண்ணன் வருஷக்கணக்கா உக்காந்து வரிவரியா எழுதுனது. அதை வழிச்சுப் போட நீ யாரு?"

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் போய்க் கணவன் நாற்காலியில் இடித்தது. முன்பெல்லாம் இடித்தால் "ஏய், மெதுவா" என்று ஒரு குரல் வரும். காலி நாற்காலி உருண்டு போய்ச் சுவரோரம் நின்றது.

கொழுந்தன் கையை எடுத்துக்கொண்டான். "சரி அண்ணி, எதையும் தொடல. பட்டியலுக்கு விட்டுப்போன அந்த ஒரு வரியை மட்டும் போட்டுடட்டுமா?"

"ஏன், எனக்குப் போடத் தெரியாதா? ஊர்ல இருக்கற மோட்டாருக்கெல்லாம் எதை அமுக்கணும்னு எழுதறவ நான். முன்னால இருக்கற ரெண்டு வரியைப் பாத்து மூணாவது எழுத முடியாதா எனக்கு?"

"அப்புறம் என்ன?"

"வந்து போட்டுத் தர்றேன்னு சொன்னது அவன். அவன் வேலையை நான் எதுக்குச் செய்யணும்?"

கொழுந்தன் நாற்காலியை இழுத்து வந்து அண்ணன் மேசையருகே பழையபடி போட்டுவிட்டுப் போனான்.

அவள் உட்கார்ந்து மோட்டார் கையேட்டின் கடைசிப் பகுதியை முடித்தாள். சேமித்தாயிற்றா என்று பட்டியலைத் திறந்து பார்த்தாள். மூடுவதற்கு விரல் போயிற்று.

'இந்தக் கோப்பை அழிக்கலாமா?'

"வேணாம்," என்றாள்.

கோப்புப் பட்டியலில் எஃப் ஒன்பதுக்கு இன்னும் அதே வேலைதான்.