எழுவைதீவில் பால் கட்டிய ஒன்பது பேர்

1998ஆம் ஆண்டு வைகாசி மாதக் கடைசியில் எழுவைதீவில் ஒன்பது ஆண்களுக்குப் பால் கட்டியது. ஒன்பது பேருக்கும் இடது மார்பில். ஏழு பேர் ஊர்க்காரர், இரண்டு பேர் கடற்படை முகாமைச் சேர்ந்தவர்கள். ஒருவர் கலியாணமே செய்யாதவர். அந்தக் கிழமை நண்டு விலை இறங்கியிருந்தது, சோளகக் காற்று பலமாக அடித்தது, கூட்டுறவுக் கடைக்கு மண்ணெண்ணெய் வரவில்லை.

உண்மையில் முதலில் பால் கட்டியது மேரிசுகந்திக்குத்தான். அவள் பெண் என்பதால் அதை யாரும் செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. இருபத்திரண்டு வயது, முதல் பிள்ளை, பெயர் நிலக்சனா. தாயும் சகோதரிகளும் மன்னாரில் அகதி முகாமில் இருந்ததால், பிள்ளையை எப்படி மார்பில் போடுவது என்று சுகந்திக்குக் காட்டிக்கொடுக்க ஆள் இருக்கவில்லை. பிள்ளை முலைக்காம்பின் நுனியை மட்டும் கவ்விச் சப்பியது. இரண்டாம் கிழமையில் காம்பு வெடித்தது. மூன்றாம் கிழமையில் இடது மார்பு தேங்காய்ச் சிரட்டைபோல் இறுகி, ஒரு பக்கம் செம்பருத்திப் பூ நிறத்தில் சிவந்தது. அதோடு குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வந்தன. பிள்ளை வாய் வைக்கும்போதெல்லாம் அவள் சேலைத் தலைப்பைப் பல்லால் கடித்துக்கொண்டு கூரையில் இருக்கும் ஓலைகளை எண்ணினாள். நூற்றுப் பதினாறு ஓலை.

ஊர் முழுவதும் ஆலோசனை சொன்னது. மாமியார் அந்தோனியம்மா, பழுதான பால் பிள்ளைக்குக் கூடாது, குடுக்கிறதை நிப்பாட்டு என்றார். அயல் பெண்கள் உப்பு ஒத்தடம் என்றார்கள், மல்லிகைப்பூ என்றார்கள். சொன்னது சரியோ பிழையோ, சொல்லும்போது அவர்களுடைய கை தானாகத் தங்கள் மார்புக்குப் போனது. ஏனென்றால் அவர்களில் அநேகம் பேருக்கு அது ஒருமுறை வந்து போயிருந்தது. அம்மை வந்து போனவர்களுக்குத் திரும்ப வராததுபோல, பின்னால் நடந்த சம்பவத்தில் எந்தப் பெண்ணுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆண்கள் தூரத்தில் நின்று சொன்னார்கள். புருஷன் வின்சன்ற் கடலைப் பார்த்தபடி, "அம்மா எட்டுப் பிள்ளை பெத்தவ. ஒண்டுக்கும் இப்பிடி அழேல்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்" என்றான். அவன் கெட்டவன் அல்ல. மற்றவருடைய உடம்பில் இருக்கும் நோவு வேறொரு தீவில் பெய்யும் மழை மாதிரி என்று நினைத்திருந்தான், அவ்வளவுதான். கோவில் மூப்பர் பஸ்ரியாம்பிள்ளை, மார்பு நோய்க்காரருக்குக் காவலான புனித ஆகத்தம்மாளுக்கு ஒன்பது நாள் மன்றாட்டு வைக்கச் சொன்னார். ஒன்பது நாள் முடியுமுன் டொக்டரிடம் போவது புனிதையை அவமதிப்பதாகும் என்றும் சொன்னார். கூட்டுறவுக் கடை மனேச்சர், ஐம்பது வயதுவரை கலியாணம் செய்யாதவர், பாலூட்டும் முறை பற்றிக் கடை வாசலில் அரை மணித்தியாலம் விளக்கம் கொடுத்தார். இன்னும் மூன்று பேர், இந்தக் காலத்துப் பெண்களுக்குப் பொறுமை இல்லை என்ற கருத்தைத் தனித்தனியாக வெளியிட்டார்கள்.

மாதத்துக்கு ஒருமுறை வள்ளத்தில் வரும் மருத்துவமாது ஞானசவுந்தரி புதன்கிழமை வந்தார். வந்ததும் கையைக் கழுவி, மார்பைத் தொட்டுப் பார்த்தார். நாலு கிழமையில் அதைத் தொட்டுப் பார்த்த முதல் ஆள் அவர்தான்.

"ஆர் பால் குடுக்கவேண்டாம் எண்டது? குடுக்காமல் விட்டால்தான் இன்னும் கட்டும். பிள்ளைக்கு ஒண்டும் வராது" என்று சொல்லி, பிள்ளையின் வாயை அகலத் திறக்கவைத்து மார்போடு சேர்த்துப் பிடித்துக் காட்டினார். பிறகு முகம் மாறியது. "ஆனால் பிள்ளை, இதுக்கு மருந்து வேணும். டொக்டர் பாக்காமல் நான் குளிசை தர ஏலாது. விட்டால் சீழ் வைக்கும். இண்டைக்கே என்னோடை வள்ளத்திலை வாரும்."

வர முடியவில்லை. தீவை விட்டுப் போவதற்குக் கடற்படை முகாமின் அனுமதித் துண்டு வேண்டும். துண்டு வாங்க, கிராம அலுவலரான விதானையாரின் கடிதம் வேண்டும். கடிதத்தில் காரணம் எழுத வேண்டும். விதானையார் பத்திநாதர் இருபது வருடம் அரசாங்கக் கடிதம் எழுதியவர். மார்பு என்ற சொல்லை ஒருநாளும் எழுதியதில்லை, இனிமேலும் எழுதுவதாக இல்லை.

முதல் கடிதத்தில் அவர் 'நெஞ்சு நோ' என்று எழுதினார். இருபத்திரண்டு வயதில் இருதய நோய் வருவது சந்தேகத்துக்குரியது என்று முகாமிலிருந்து பதில் வந்தது. இரண்டாவது கடிதத்தில் 'உடலின் மேற்பகுதியில் சுகவீனம்' என்று எழுதினார். மேற்பகுதியில் தலையும் அடங்கும், தலை பிசகியவர்கள் தனியே பயணம் செய்ய ஏலாது, பிணை நிற்க இரண்டு பேர் வேண்டும் என்று பதில் வந்தது. மூன்றாவதில் 'தாய்மை தொடர்பான அசௌகரியம்' என்றார். இந்தப் பெண்ணுக்குப் பிரசவத்துக்காக ஏற்கெனவே சித்திரையில் துண்டு கொடுக்கப்பட்டுள்ளது, ஒருவர் ஆறு கிழமைக்குள் இரண்டு தரம் பிரசவிப்பது எப்படி என்று விளக்கம் கேட்கப்பட்டது. கூடவே முகாம் பொறுப்பாளர், தன்னுடைய ஊரில் பெண்கள் இதற்கு ஏதோ ஒரு இலையைக் கட்டுவார்கள் என்று சொல்லியனுப்பினார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்லி, தன் பங்குக்குத் தலையையும் ஆட்டினார். இப்படி எட்டு நாள் போனது.

ஒன்பதாம் நாள் காலையில் சுகந்தியின் மார்பில் கல்லாக இருந்த இடம் இளகி, தோல் ஊதா நிறத்தில் மினுங்கியது. அவள் பிள்ளையை வலது பக்கம் அணைத்துக்கொண்டு, இடது கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடி, வேலி வேலியாகப் பிடித்து நடந்து பத்திநாதர் வீட்டு முற்றத்தில் போய் நின்றாள். அவர் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"விதானையார், மார்பு எண்டு எழுதுங்கோ."

"பிள்ளை, இது அரசாங்கக் கடிதம். மேலிடத்து ஆக்கள் வாசிக்கிறது."

"அப்ப முலை எண்டு எழுதுங்கோ. அது இன்னும் சின்னச் சொல்லு. மையும் மிச்சம்."

பத்திநாதர் பேனையை மூடினார். "நீர் காய்ச்சலிலை கதைக்கிறீர். இது பொம்பிளையளுக்கு வாறதுதானே. ரெண்டு நாளிலை தன்ரை பாட்டிலை போயிடும்."

அழுவதற்குக்கூட உடம்பில் தண்ணீர் இல்லை என்று சுகந்திக்குத் தோன்றியது. "தனக்கு வந்து பாத்தால்தான் தெரியும் விதானையார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

அது சாபம் என்று ஊரில் ஒரு பகுதி இன்றைக்கும் சொல்கிறது. சுகந்தி ஒத்துக்கொள்வதில்லை. "எனக்கு நிக்கவே ஏலாமல் கிடந்தது. சாபம் போட எங்காலை பெலன்?" என்பாள்.

மறுநாள் விடிந்தபோது ஒன்பது பேருக்கும் கட்டியிருந்தது. வின்சன்ற் சேட்டைப் போடப் போய், துணி பட்டதும் கத்தினான். அந்தோனியம்மா ஓடிவந்து பார்த்து, எட்டுப் பிள்ளை பெற்ற அனுபவத்தில் ஒரு நிமிடத்தில் விஷயத்தைப் புரிந்துகொண்டு, "கொஞ்சம் பொறடா மோனை" என்றார். பூசையில் வாசகம் வாசித்துக்கொண்டிருந்த பஸ்ரியாம்பிள்ளை, பின்வரிசையில் ஒரு குழந்தை அழுததும் வாசிப்பை நிறுத்தினார். அவருடைய வெள்ளைச் சேட்டின் இடது பக்கம் ஒரு தட்டளவுக்கு நனைந்தது. ஒன்பது நாள் மன்றாட்டைப் பற்றி அவர் பிறகு வாய் திறக்கவில்லை. கடை மனேச்சர் கதவைப் பூட்டிக்கொண்டார். பத்திநாதர் கடிதம் எழுத உட்கார்ந்தார். 'மார்பு' என்று எழுதினார். 'இடது மார்பு, பால் கட்டி, தாங்க ஏலாத நோவு, அவசரம்' என்று எழுதி, 'அவசரம்' என்பதற்கு இரண்டு தரம் கீழ்க்கோடு போட்டார். கடிதம் முகாமுக்குப் போய்த் துண்டாகத் திரும்பி வரப் பதினொரு நிமிடம் எடுத்தது. பொறுப்பாளர் கதிரையில் நிமிர ஏலாமல் இருந்துகொண்டே கையெழுத்து வைத்தார் என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். அவரும் நிமிரவில்லை.

விசேட வள்ளம் ஒன்று ஒழுங்கானது. தலையணைகள் ஏற்றினார்கள், இளநீர் ஏற்றினார்கள், ஒன்பது பேரையும் கைத்தாங்கலாக ஏற்றினார்கள். துண்டில் ஒன்பது பெயர் இருந்தது. சுகந்தியின் பெயர் இல்லை, அவசரத்தில் மறந்துபோயிற்று. அவள் பிள்ளையோடு இறங்குதுறையில் நின்றாள்.

"இடம் இல்லைப் பிள்ளை" என்றார் பத்திநாதர், வேதனையோடு.

சுகந்தி வள்ளத்தில் கால் வைத்தாள். யாருக்கும் எழுந்து தடுக்க ஏலவில்லை. வின்சன்ற்தான் பல்லைக் கடித்துக்கொண்டு விலகி, பக்கத்தில் இடம் விட்டான். "எத்தினை நாளா உமக்கு இப்பிடி?" என்று கேட்டான். "பதினெட்டு நாள்" என்றாள்.

நடுக்கடலில் பிள்ளைக்குப் பசித்தது. அது அழத் தொடங்க, ஒன்பது சேட்டும் ஒரேயடியாக நனைந்தன. கட்டிய பால் இறங்க வழியில்லாமல் பெரிய ஆம்பிளைகள் விக்கி விக்கி அழுதார்கள். சுகந்தி பிள்ளையை வலது பக்கம் போட்டுக்கொண்டு, மருத்துவமாது தனக்குக் காட்டியதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். "அமத்தாதேங்கோ. வெளியிலை இருந்து காம்புப் பக்கமா மெல்லத் தடவுங்கோ. மூப்பரண்ணை, அவசரப்படாதேங்கோ. மூச்சை விடுங்கோ." முகாம் பொறுப்பாளருக்கு மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை, கையைப் பார்த்தே விளங்கிக்கொண்டார். காற்றில் பால் தெறித்தது, கடல்காகங்கள் பின்னால் வந்தன. தனக்கு மட்டும் அந்த வழி இல்லை, உள்ளே இருப்பது இனிப் பாலில்லை என்று சுகந்திக்குத் தெரிந்திருந்தது.

ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரியில் இளம் டொக்டர் ஒருத்தி பத்துப் பேரையும் வரிசையாகப் பார்த்தார். சுகந்தியிடம் வந்ததும் நின்றார். "இது சீழ் வச்சிட்டுது. இவவை முதல் உள்ளை கொண்டுபோங்கோ."

"நாங்கள் முதலிலை வந்தனாங்கள்" என்றார் கடை மனேச்சர்.

"உங்களுக்குப் பால்தான் கட்டியிருக்கு ஐயா. பீச்சினால் போயிடும். இவ இன்னும் ரெண்டு நாள் பிந்தியிருந்தால் பிள்ளைக்குத் தாய் இல்லை."

பஸ்ரியாம்பிள்ளை தொப்பியைக் கழற்றினார். வின்சன்ற் சுவரோடு சாய்ந்து கீழே இருந்துவிட்டான்.

கீறி எடுத்த சீழ் ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு இருந்தது. காயத்துக்குள் துணித்திரி வைத்தார்கள். வலது பக்கம் பால் கொடுக்கவும் இடது பக்கத்தைப் பீச்சி எடுக்கவும் சொன்னார்கள். காய்ச்சல் விட்டதும் சுகந்தி பதினாறு மணித்தியாலம் நித்திரை கொண்டாள். ஆண்கள் வாட்டில் ஒன்பது பேரையும் எடுக்கவில்லை, பெண்கள் வாட்டிலும் எடுக்கவில்லை. அவர்கள் மூன்று நாள் வேப்பமரத்தடியில் பாய் விரித்து இருந்து, ஒருவருக்கொருவர் ஒத்தடம் கொடுத்துச் சுகமானார்கள்.

ஊருக்குத் திரும்பிய பிறகு வின்சன்ற் ஒவ்வொரு நாளும் துணி அவித்துக் காயம் கட்டினான். "நான் பொறும் எண்டு சொன்னனான்" என்றான், காயத்தைப் பார்த்தபடி. "ஓம், சொன்னனீங்கள்" என்றாள் சுகந்தி. மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, அவன் கேட்கவும் இல்லை. துணி அவிப்பதை அவன் நிறுத்தவில்லை. ஆறாம் கிழமை பிள்ளை இடது பக்கத்திலும் குடித்தது. தழும்பு நகம் அளவுக்குப் பிறை மாதிரி இருந்தது.

பத்திநாதரின் கடிதங்களில் அதற்குப் பிறகு கருப்பை, மூலம், விரை என்று எல்லாம் வந்தது. ஒருவருக்கும் துண்டு மறுக்கப்படவில்லை. பொறுப்பாளர் மாற்றலாகித் தெற்கே போனார், அங்கிருந்து மழைக்காலத்தில் நோகுமா என்று கேட்டு ஒரு கடிதம் எழுதினார். சமாதானம் வந்து துண்டு முறையே இல்லாமல் போனது. ஒன்பது பேருக்கும் பால் மட்டும் வற்றவில்லை.

2002ஆம் ஆண்டு சுகந்திக்கு டிலோன் பிறந்தான். மூன்று மாதத்தில் அவள் நண்டுக் கொம்பனிக்கு வேலைக்குப் போனாள், பகலில் வின்சன்ற் பால் கொடுத்தான். கிளினிக் நாளில் ஞானசவுந்தரி பிள்ளையைத் தராசில் போட்டு, ஆறு கிலோ இருநூறு என்று எழுதினார். தாய்ப்பால் என்று அச்சடித்திருந்த இடத்தில் 'தகப்பனும்' என்று சேர்த்துவிட்டு, "வெடிப்பு ஒண்டும் இல்லையே?" என்று கேட்டார்.

"இல்லை மிஸ்ஸி" என்றான் வின்சன்ற்.

"நல்லாத் தண்ணி குடியும்" என்று சொல்லி, அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். சுவரோரம் கிடந்த வாங்கில் இருந்து பத்திநாதர், மகள் கரைக்குப் படிப்பிக்கப் போயிருந்ததால், பேரனைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்தார்.