சமையற்கட்டில் சாராய வாடை

காலையில் சமையற்கட்டுக் கதவைத் திறந்ததுமே ரஃபியாவின் மூக்கில் அந்த வாடை அறைந்தது. நேற்று லேசாகத்தான் இருந்தது. ராத்திரியில் புளித்து முற்றி, இன்று சாராயக் கடை வாசலில் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. அதுவும் எந்த நாளில்? மகள் பெனாசிரின் நிக்காஹுக்குத் தேதி குறிக்க, கம்பத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாளில்!

"யா அல்லாஹ், எனக்குன்னு எங்கிருந்துதான் வந்து வாய்க்குதோ!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மீன் நாற்றமென்றால் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுச் சும்மா இருந்திருப்பாள். ஆனால் உத்தமபாளையத்தில் இந்த வீட்டுக்கென்று ஒரு பேர் இருந்தது. அவள் கணவரின் தம்பி ஷரீப் ஒரு காலத்தில் குடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடந்தவர். விட்டு வருஷக் கணக்காகிறது, ஐந்து வேளையும் தொழுகிறார். ஊர் வாய் விட்டால்தானே! பெனாசிருக்கு முதலில் வந்த சம்பந்தம், "அது குடிகார வீடாச்சே" என்ற ஒரே பேச்சில் முறிந்துபோனது. பிள்ளை எத்தனையோ நாள் தட்டைத் தொடாமலே எழுந்து போனாள். இந்த இடமும் கைவிட்டுப் போனால்?

குப்பைக் கூடையைக் கவிழ்த்தாள். ஃபிரிட்ஜைக் காலி செய்தாள். சிங்குக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தாள். வெங்காயக் கூடையில் ஒரு உருளைக்கிழங்கு அழுகியிருந்தது. "நீதானா சனியனே" என்று தூக்கி எறிந்தாள். வாடை அசையவில்லை. பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டுச் சாம்பிராணி போட்டாள். சாராயக் கடையில் சாம்பிராணி போட்ட மாதிரி ஆனதுதான் மிச்சம்.

ஹாலில் ராஜா முகம்மது கால் மேல் கால் போட்டுக்கொண்டு போனில் திராட்சை விலை பேசிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, உங்களுக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

"சளி புடிச்சிருக்கு ரஃபியா."

"உதிரி கிதிரி கொண்டாந்து வச்சீகளா?"

அவர் திராட்சை வியாபாரி. பெட்டியில் அடுக்கும்போது கொத்திலிருந்து உதிர்கிற பழத்தைக் கொட்ட மனசு வராமல் பைபையாக வீட்டுக்குக் கட்டிக்கொண்டு வருவார். ஈயும் எறும்பும் மொய்த்து, 'இனி ஒரு உதிரி இந்த வாசப்படி ஏறுச்சு, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்' என்று அவள் சத்தம் போட்டிருந்தாள்.

"சே சே! நீதான் ஆகாதுன்னுட்டியே" என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்படியானால் மிச்சம் ஒருவர்தான். ரஃபியா விறுவிறுவென்று மாடியேறினாள். ஷரீப் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு, அப்போதுதான் மாட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. மெத்தையைத் தட்டுகிற சாக்கில் தலையணையைத் தூக்கிப் பார்த்தாள்.

"கட்டிலுக்கு அடியிலயும் பாத்துருங்க மதினி" என்றார் ஷரீப்.

"இல்ல தம்பி, எலி கிலி செத்துக் கெடக்கோன்னு..."

"நான் வேணா வெளிய போயிரட்டுமா? அவுக வந்துட்டுப் போற வரைக்கும்."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். "சமையக்கட்டுப் பரண்ல இருக்கிற தேக்சாவ மட்டும் எறக்கிக் குடுத்துட்டுப் போங்க. பிரியாணிக்கு நேரமாச்சு" என்றாள்.

அது பெருநாளைக்கு மட்டும் எடுக்கிற பெரிய பிரியாணிப் பாத்திரம். ஸ்டூலில் ஏறிய ஷரீப் அதை இழுத்தார். "என்ன மதினி, இந்தக் கனம் கனக்குது?" என்று கேட்டு வாய் மூடவில்லை, மூடி சரிந்தது. கருநீலமாக, நுரை நுரையாக, அழுகிய திராட்சைச் சாறு அவர் தலையிலும் வெள்ளைச் சட்டையிலும் கொட்டியது. வாடை குடலைப் பிடுங்கியது.

சத்தம் கேட்டு ஓடி வந்தார் ராஜா முகம்மது. "அடடா! நீ பெருநாளைக்குத்தான எடுப்பன்னு... மறந்தே போச்சு ரஃபியா."

"மறந்தீகளா? நான் கேட்டப்ப சே சேன்னீகளே!"

கத்தித் தீர்க்க நேரமில்லை. வாசலில் கார் ஹாரன் கேட்டது. மதியம்தானே வருவதாகச் சொன்னார்கள்!

"கொல்லைப்பக்கமா போயிர்றேன்" என்று ஷரீப் ஸ்டூலிலிருந்து குதித்தார். "இந்தக் கோலத்துல என்னப் பாத்தாகன்னா பிள்ள கல்யாணம் அவ்வளவுதான்."

ராஜா முகம்மது வாசலுக்கு ஓடினார். ஹாலில் ஸலாம் சொல்கிற சத்தம், நாற்காலி இழுபடுகிற சத்தம். அப்புறம் சம்பந்தியம்மாவின் குரல்: "என்ன வாடை இது?"

ஷரீப் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டார். இந்த மனுஷனையா சந்தேகப்பட்டோம் என்று ரஃபியாவுக்கு மனசு பொறுக்கவில்லை. நனைந்த சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "எங்க போறீக? வாங்க இங்கன."

ஒரு கையில் கொழுந்தனார், ஒரு கையில் தேக்சா. ஹாலுக்கு நடுவில் தேக்சாவை 'ணங்'கென்று வைத்தாள்.

"இவுகதான் பெனாசிரோட சின்னத்தா, என் கொழுந்தன் ஷரீப். என்ன வாடைன்னு கேட்டீகள்ல? இதுதான். என் வீட்டுக்காரக ஒளிச்சு வச்ச உதிரிப் பழம். பாட்டில் இருக்குமோன்னு நான் காலையில இவுக தலகாணியத் தூக்கிப் பாத்தேன். இவுக மேல ஒரு குத்தமும் இல்ல. தப்பெல்லாம் எங்க மேலதான்."

அறைக் கதவிடுக்கில் பெனாசிரின் முகம் வெளுத்துப்போய்த் தெரிந்தது. சம்பந்தியம்மா தேக்சாவை எட்டிப் பார்த்தாள். ஷரீப்பின் காதோரம் ஒட்டியிருந்த திராட்சைத் தோலையும் பார்த்தாள்.

"இவுகளப் பத்தி எல்லாம் விசாரிச்சுட்டுத்தான் வந்தோம்" என்றாள் மெல்ல. "போன தடவ வந்தப்பவும் கண்ணுல காட்டல. இந்தத் தடவையும் ஒளிச்சு வச்சாகன்னா இந்தச் சம்பந்தமே வேணாம்னு வர்ற வழியெல்லாம் எங்க வீட்டுக்காரக சொல்லிக்கிட்டு வந்தாக."

அவள் கணவர் எழுந்து வந்து ஷரீப்பின் பிசுபிசுத்த கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவருடைய வெள்ளை ஜிப்பாவிலும் கறை ஏறியது.

"தம்பி, போயிக் குளிச்சுட்டு வாங்க. நீங்க வந்து உக்காந்தாத்தான் தேதி பேசுவோம்" என்றாள் ரஃபியா. பிறகு கணவர் பக்கம் திரும்பி, தேக்சாவைக் காலால் அவர் முன்னால் தள்ளினாள். "நீங்க இத வெளக்குங்க. சளிதான புடிச்சிருக்கு, வாடை ஒண்ணும் தெரியாது."