வியாழக்கிழமை நோன்பு

விடியற்காலைச் சுபஹு பாங்கு ஓய்வதற்குள் அரிசி மில்லில் ஆவி கிளம்பிவிட்டது. பக்கீர் முகைதீன் உமியை அள்ளி அள்ளி அடுப்பின் வாய்க்குள் எறிந்துகொண்டிருந்தார். அவிந்த நெல்லைக் கூடையில் சுமந்து, சுடுநீர் பிடரியில் ஒழுக, களத்தில் கொட்டிப் பலகையால் இழுத்துப் பரப்பினாள் ஹாஜறா. வயது ஐம்பத்துநான்கு. பதினெட்டு வருடமாக இதே களம். நெல்லின் சூட்டை அவளுடைய உள்ளங்கால் மறந்து கனகாலம். அன்று மறக்க முடியாதது ஒன்றுதான்: வியாழக்கிழமை.

வியாழக்கிழமை என்றால் மெசின்.

அதைக் கொண்டுவந்தவர் மில் முதலாளி அல்ஹாஜ் மீராமுகைதீன் ஜே.பி. கொரோனா ஊருக்குள் வந்ததும் அவர் ஒரு நோட்டீஸ் அடித்தார். யாருக்கெல்லாம் இந்த நோயில் மரண ஆபத்துக் கூட என்ற பட்டியல்: அறுபது தாண்டியவர், சீனி வியாதி, பிறஷர், இருதய வருத்தம், சிறுநீரகம், மூச்சு முட்டு. எல்லாம் உண்மைதான். நோய்கள் எறும்பளவு எழுத்தில் கிடந்தன. மேலே கோட்டும் தொப்பியுமாக ஹாஜியார், பாயளவில். அவருடைய பட்டங்களை எண்ணினால் நோய்களைவிட மூன்று கூட.

பட்டியலில் உள்ளவர்கள் வீட்டில் ஓய்வெடுக்க வேண்டும் என்று உத்தரவானது. முதலில் போனவர் அழகரெத்தினம். காற்றில்லாத தவிட்டறையின் தூசியில் நின்று நின்று வந்த முட்டு அவருக்கு. ஓய்வுக்குச் சம்பளம் உண்டா என்று கேட்டவரிடம், உயிருக்கு விலை பேசக் கூடாது என்று ஹாஜியார் கண்கலங்கினார். மிச்சப் பேரைக் கண்டுபிடிக்கத்தான் வாசல் படலையடியில் மேசை போட்டு, விரலைக் குத்திச் சீனி பார்க்கும் மெசின்.

ஹாஜறாவுக்கு ஒன்பது வருடச் சீனி. கிளினிக் நாளும் வியாழன்தான். போனால் வேலையில்லை; போகாவிட்டால் மருந்துக் குளிசையில்லை. கிளினிக் கொப்பியை அரிசி வாளிக்குள் புதைத்துவிட்டு, மிஞ்சிய குளிசைகளைப் புதன் இரவில் மட்டும் விழுங்கினாள். வியாழன், விரும்பியவர் பிடிக்கும் சுன்னத்து நோன்பு பிடித்தாள். குளிசை நோய்க்கல்ல, வியாழக்கிழமைக்கு. வெறும் வயிற்றில் மெசினின் எண் நல்லபிள்ளையாக இறங்கி நின்றது. அவளைப் பார்த்து, சீனியுள்ள பக்கீர் முகைதீனும் பிடித்தார். அவளோடு நெல் பரப்பும் கலாராணியும் பிடித்தாள். தன் மில்லில் முஸ்லிமல்லாத தமிழ் ஆட்களும் சுன்னத்து நோன்பு பிடிக்கிறார்கள் என்று ஹாஜியார் பள்ளிவாசல் கூட்டத்தில் சொல்லிப் பூரித்தார்.

அன்றைக்கும் பக்கீர் முகைதீனின் எண் சரியாகத்தான் இருந்தது. பனடோல் குளிசையால் அமுக்கிய மூன்று நாள் காய்ச்சலை அந்த மெசின் கேட்கவில்லை. எட்டு மணிபோல, உமி அள்ளும் சவளோடு அடுப்படியில் சரிந்தார்.

கொரோனா என்றார்கள் ஆஸ்பத்திரியில்; மில்லுக்குப் பூட்டு விழுந்தது. எல்லோரும் பதினான்கு நாள் வீட்டுக்குள். ஒன்பதாம் நாள் பக்கீர் முகைதீன் மவுத்தானார். ஜனாஸா வீட்டுக்கு வரவில்லை. பெட்டியோடு, கொரோனா ஜனாஸாக்களை அடக்கும் ஓட்டமாவடிக்குப் போனது. ஹாஜியார் அனுதாப நோட்டீஸ் அடித்தார். அதிலும் பாயளவில் அவரே.

அடைப்பு முடிந்ததும் ஹாஜறா பக்கீர் முகைதீனின் மனைவி ஸம்றாவிடம் போனாள். ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு சீனியும் ஏறி நானூறு தாண்டியதாம். ஒழுங்காகக் குளிசை எடுத்து, முதல் நாளே வந்திருந்தால் தப்பியிருக்கலாம் என்றாராம் டொக்டர். ஸம்றா அழவில்லை. "ஆருகா அவருக்கு நோன்பு காட்டிக் குடுத்த?" என்று மட்டும் கேட்டாள்.

"நான்தான்" என்றாள் ஹாஜறா.

அன்று பின்னேரமே கலாராணியின் வீட்டு வளவுக்குப் போனாள். அங்கிருந்து இருவருமாக, மில் ஆட்களின் வீடு வீடாக.

மில் திறந்து முதல் வியாழன். ஹாஜியார் மெசினோடு வந்தபோது அடுப்பு எரியவில்லை. படலைக்கு வெளியே பன்னிரண்டு பேர் எட்ட எட்டக் குந்தியிருந்து ரொட்டியும் சம்பலும் தின்றுகொண்டிருந்தார்கள். அழகரெத்தினமும் இருந்தார்.

"இண்டைக்கி நோன்பில்லயா?" என்றார் ஹாஜியார்.

"இல்ல ஹாஜியார். இனி மெசினுக்குப் பொய் சொல்றல்ல எண்டு நிய்யத்து வெச்சிட்டம்" என்று ஹாஜறா எழுந்து, அரிசிமா ஒட்டிய கொப்பியை மேசையில் வைத்தாள். கலாராணி வைத்தாள். அழகரெத்தினம் வைத்தார். ஒன்பது கொப்பிகள். நோயில்லாத மூவர் வெறுங்கையோடு பக்கத்தில் வந்து நின்றார்கள். கடைசியாக, கணவன் இறந்ததற்கான இத்தாவில் வீட்டைவிட்டு வெளியே வர முடியாத ஸம்றா கொடுத்தனுப்பிய கொப்பியை ஹாஜறா மேலே வைத்தாள். பக்கீர் முகைதீன் என்ற பெயரை ஹாஜியார் வாசித்துவிட்டுக் கண்ணை எடுத்தார்.

"ஒங்கட உசிருக்காகத்தானே நான் இந்தப் பாடு படுற. பட்டியல்ல உள்ளவங்க உள்ளுக்கு வரப்படா."

"அப்ப அறுபத்தெட்டு வயசு, சீனி, நெஞ்சுக்குள்ள கம்பி வெச்ச ஒராள் இஞ்ச நிக்கிறாரே" என்றாள் கலாராணி. "முதல்ல ஆர் ஊட்ட போகணும், ஹாஜியார்?"

யாரோ சிரித்து, முகக்கவசத்துக்குள் அமுக்கினார்கள். ஹாஜியாரின் கை தானாகச் சட்டைப் பையிலிருந்த குளிசை அட்டையைத் தடவியது.

ஹாஜறா சிரிக்கவில்லை. கிளினிக் நாளுக்குச் சம்பளத்தோடு லீவு வேண்டும், நிறுத்திய ஆட்கள் திரும்ப வர வேண்டும் என்றாள். "மத்தது, அந்தத் தவிட்டறைக்கு ஒரு ஜன்னல். ஒங்கட பட்டியல்ல அது உடுபட்டுப் போச்சி."

"வேற ஆக்கள் இல்லண்டா நெனச்சீங்க?" என்றார் ஹாஜியார்.

"பயணத்தடையில எங்கரிந்து கொண்டு வருவீங்க?" என்றார் அழகரெத்தினம், இழுத்து இழுத்து மூச்சுவிட்டபடி. "நெல்லு ஊறல் நேத்து விடியப் போட்ட. பகல் லுஹருக்குள்ள அவிக்காட்டி நாறிப் போகும். மணக்கிது, பாருங்க."

மணக்கத்தான் செய்தது. ஹாஜியார் அலுவலக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வெயில் ஏறியது. இன்று வேலையில்லாமல் வீட்டுக்குப் போனால் அங்கே நாளைக்கு அடுப்பெரியுமா என்பது ஹாஜறாவுக்குத் தெரியாது. மடியிலிருந்த குளிசையை எடுத்து, எல்லோரும் பார்க்க, தண்ணீர் ஊற்றி விழுங்கினாள். வியாழக்கிழமையில், எத்தனையோ கிழமைக்குப் பிறகு. கலாராணியும் தன் குளிசைப் போத்தலைத் திறந்தாள்.

கதவு திறந்தது. கிளாக்கர் முர்ஷித் எட்டிப் பார்த்தான்.

"கதைக்க ஒராள் மட்டும் வரட்டாம்."

ஹாஜறா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கூடவே பதினொரு பேரும் எழுந்து படலைக்குள் நடந்தார்கள், சட்டப்படி, ஒரு மீற்றர் இடைவெளி விட்டு.